சீனம் பணிந்திருந்தால்?

சீனமும் ஜப்பானும் 1937 முதல் 1945 வரை நடத்திய போரை நமக்குத் தொலைதூரச் செய்தி என்றே பலரும் எண்ணுவர். ஷாங்காய் எங்கே, செகந்திராபாத் எங்கே? ஆயினும் அப்போரின் நிழல் வங்கக் கடலின் இரு கரைகளிலும் விழுந்தது. ரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், 1942 ஏப்ரலில் சென்னையை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றவர்கள் ஆகிய அனைவருடைய வாழ்வும் சீனப் போரின் போக்கோடு பிணைந்திருந்தது. தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் குடும்பங்கள் பலவற்றில் பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு பாட்டனாரைப் பற்றிய பேச்சு இன்றும் உண்டு. அவர் ஏன் திரும்ப நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், சீனத்துக்குத்தான் நாம் போய்ச் சேருவோம்.

அந்த எட்டாண்டுகளில் சீனம் பணிந்துவிடும் என்று உலகம் எதிர்பார்த்த கட்டங்கள் பல. ஒரு கட்டத்திலாவது அது பணிந்திருந்தால் நம்மவர் கதி என்னவாகியிருக்கும்? சரித்திரத்தில் இப்படிக் கேட்பது வீண் வேலை என்பார் உண்டு. கற்பனைக்கு வரம்பு இல்லையென்றால் அது வீண்தான். அக்காலத்து மக்களின் கையில் உண்மையிலேயே இருந்த வழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால், நடந்த நிகழ்ச்சியின் எடை எவ்வளவு என்பதை இக்கேள்வி நமக்குக் காட்டும்.

போவன்பள்ளியில் வாழும் தமிழர்கள் இந்த ஆராய்ச்சியை அண்டையிலிருந்தே தொடங்கலாம். 1806ஆம் ஆண்டில் செகந்திராபாத் கண்டோன்மெண்ட் அமைந்ததிலிருந்து சென்னைப் படைகளின் பின்னே தமிழர்கள் இங்கு வந்து குடியேறினர். போவன்பள்ளியும் அந்தக் கண்டோன்மெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்ததே. அதற்கு வடக்கே பொலாரத்தில், நிஜாமின் செலவிலும் ஆங்கில அதிகாரிகளின் தலைமையிலும், ஹைதராபாத் கண்டிஞ்சென்ட் என்னும் படை தங்கியிருந்தது. 1903இல் அது இந்திய ராணுவத்தோடு இணைந்தது. அதன் காலாட்படைப் பட்டாளங்கள் 1922இல் 19ஆவது ஹைதராபாத் ரெஜிமெண்ட் என்று பெயர் பெற்றன. 1945இல் அப்பெயர் குமாவோன் ரெஜிமெண்ட் என மாறிற்று. இதுவன்றி, நிஜாம் தம் சமஸ்தானத்துக்கெனத் தனிப்படையும் வைத்திருந்தார். 1941இன் இறுதியில் இவ்விரு படைகளின் பட்டாளங்களும் மலேயாவில் காவல் புரிந்தன.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், மலேயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினர். பேர்ல் துறைமுகத்தின்மீது குண்டுகள் விழுந்தது இதற்கு ஒரு மணி நேரத்துக்குப் பின்னரே. கோத்தா பாருவின் விமானத்தளத்தைக் காத்து நின்றது நிஜாமின் முதலாவது ஹைதராபாத் காலாட்படை. அந்தத் தளம் ஒரே நாளில் கைவிடப்பட்டது. ஒரு மாதம் சென்று, 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன், ஸ்லிம் ஆற்றுப் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தபோது அவற்றின் முதல் மோதலை ஏற்றது ஹைதராபாத் ரெஜிமெண்டின் 4ஆவது பட்டாளம்.

இவர்களை எதிர்த்து வந்தவர்கள் யார்? கோத்தா பாருவில் இறங்கியது ஜப்பானின் 18ஆவது டிவிஷனைச் சேர்ந்த படை. 1938 அக்டோபரில் சீனத்தின் தென்கரையில் இறங்கிக் காண்டன் நகரைக் கைப்பற்றிய படைகளுள் அந்த டிவிஷனும் ஒன்று. ஸ்லிம் ஆற்றில் வந்த 5ஆவது டிவிஷனும் சீனப் போர்க்களங்களில் பழகியதே. 18ஆவது டிவிஷனின் தளபதி ரென்யா முத்தாகுச்சி. 1937 ஜூலை 7ஆம் தேதி இரவு, பீக்கிங்கை அடுத்த மார்க்கோ போலோ பாலத்தருகே சீனப் போர் மூண்ட வேளையில், அங்கிருந்த ஜப்பானிய ரெஜிமெண்டின் தலைவராக இருந்தவரும் அவரே. அந்தப் பாலத்தில் புறப்பட்ட மனிதர் நான்கரை ஆண்டில் நம்மவர் வாழ்ந்த மலேயாவின் வாயிலில் வந்து நின்றார். பின்னர் 1944இல் மணிப்பூரின் இம்பால்வரை வந்தவரும் அவர்தாம். சீனப் போரும் நம் போரும் வெவ்வேறல்ல என்பதற்கு இந்த ஒருவருடைய பயணமே போதிய சான்று.

இனி, சீனம் பணிந்திருக்கக்கூடிய கட்டங்களைக் காண்போம்.

முதலாவது, 1937-38 குளிர்காலம். ஷாங்காயில் மூன்று மாதம் நடந்த போரில் சியாங் கை ஷேக்கின் தேர்ந்த டிவிஷன்கள் சிதைந்தன. ஏறக்குறைய இரண்டு லட்சம் வீரர்கள் மாண்டனர் அல்லது காயமுற்றனர். டிசம்பர் 13ஆம் தேதி தலைநகரான நான்கிங் வீழ்ந்தது. அங்கே நடந்த படுகொலை உலகறிந்தது. இதற்கிடையில் சீனத்திலிருந்த ஜெர்மன் தூதர் டிராட்மன் சமரசம் பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர்த் தொடக்கத்தில் சியாங் பேச்சுக்கு இசையும் நிலையிலேயே இருந்தார். ஆனால் நான்கிங் வீழ்ந்ததும் ஜப்பான் தன் நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. 1938 ஜனவரி 16ஆம் தேதி ஜப்பானியப் பிரதமர் கொனோயே, இனிச் சியாங்கின் சர்க்காரோடு பேசுவதில்லை என்று அறிவித்துக் கதவைச் சாத்தினார். ஆகவே இந்த முதற் கட்டத்தில் சமாதானம் தவறியதற்குச் சீனரின் உறுதி மட்டும் காரணமன்று; வெற்றி மயக்கத்திலிருந்த ஜப்பானியரின் செருக்கும் காரணம்.

டோக்கியோ சிறிது நிதானம் காட்டியிருந்தால் வட சீனத்தை ஜப்பானின் பிடியில் விட்டுக்கொடுத்து ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்கலாம். அப்போது ஜப்பானியப் படை எத்திசையில் திரும்பியிருக்கும்? அன்றைய ஜப்பானிய ராணுவம் தன் முதற்பகையாகக் கருதியது சோவியத் ரஷ்யாவை. 1939 கோடையில் மங்கோலிய எல்லையிலுள்ள நோமோன்ஹானில் இரு படைகளும் மோதவும் செய்தன. சீனச் சுமை இல்லாத ஜப்பான் வடக்கே திரும்பியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அவ்வாறு நிகழ்ந்திருந்தால் கோத்தா பாருவில் அந்த நள்ளிரவு வந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைத்தல் ஆகாது. ஜப்பான் தெற்கே வந்ததற்கே சீனரின் எதிர்ப்பு ஒரு காரணம். சீனச் சேற்றில் சிக்கிய ஜப்பான், சீனத்துக்குப் பொருள் செல்லும் வழிகளை அடைப்பதற்காக 1940 செப்டம்பரில் வட இந்தோ-சீனத்தில் புகுந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோ-சீனத்திலும் அது படை இறக்கிய உடனே, அமெரிக்கா ஜப்பானின் சொத்துக்களை முடக்கி எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. எண்ணெய் மீண்டும் வேண்டுமானால் சீனத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அமெரிக்கக் கோரிக்கை. ராணுவ அமைச்சர் டோஜோ அதற்கு இசையவில்லை. சீனத்தை விட மனமின்றி, எண்ணெய்க்காகத் தெற்கே பாய்ந்தது ஜப்பான். சீனம் 1938இலேயே பணிந்திருந்தால் இந்தச் சங்கிலி இவ்வடிவில் உருவாகியிராது. ஆயினும் 1940இல் ஹாலந்தும் பிரான்ஸும் ஹிட்லரிடம் வீழ்ந்தபின், காப்பாரின்றிக் கிடந்த கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயும் மலேயாவின் ரப்பரும் வெள்ளீயமும் எந்த ஜப்பானிய சர்க்காரின் கண்ணையும் உறுத்தியிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கட்டம் 1940ஆம் ஆண்டுக் கோடைக்காலம். கடற்கரையின் பெரும்பகுதியை இழந்து, உள்நாட்டு மலைகளுக்கிடையே சுங்கிங்கில் ஒதுங்கியிருந்த சீன சர்க்காருக்குப் பின்வாசலாக இருந்தது பர்மா. ரங்கூன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு ரயிலில் லாஷியோவுக்குச் செல்லும். அங்கிருந்து லாரிகளில் 1,150 கிலோமீட்டர் மலைப்பாதை வழியாகக் குன்மிங் சேரும். அப்பாதையின் சீனப் பகுதியை யூனான் மாகாணத்தின் குடியானவர்கள், பெண்டிரும் சிறுவரும் உட்பட ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், கையால் மண்வெட்டிக் கல்லுடைத்து 1938இன் இறுதிக்குள் அமைத்தனர். ரங்கூன் துறைமுகத்தில் அச்சரக்கை இறக்கிய கைகளுள் பெரும்பாலானவை தெலுங்கு நாட்டுக் கடற்கரைத் தொழிலாளருடையவை. ரங்கூன் நகர மக்களில் பாதிக்குமேல் அன்று இந்தியர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. சீனத்தின் உயிர்நாடி இவ்வாறு நம்மவர் வாழ்ந்த ஊர்களின் ஊடாகவே ஓடிற்று.

பிரான்ஸ் வீழ்ந்து பிரிட்டன் தனித்து நின்ற வேளையில், ஜப்பானின் மிரட்டலுக்கு இணங்கிச் சர்ச்சில் சர்க்கார் 1940 ஜூலை 18 முதல் மூன்று மாதத்துக்கு இச்சாலையை அடைத்தது. அதே கோடையில் சுங்கிங்கின்மீது இடைவிடாது குண்டு பொழிந்தனர். சியாங்கின் பழைய தோழரான வாங் சிங் வெய் முன்னரே கட்சி மாறி, மார்ச் மாதத்தில் நான்கிங்கில் ஜப்பானியரின் கைப்பாவை சர்க்கார் ஒன்றை நிறுவியிருந்தார். சமாதானத் தூதுகளும் ரகசியமாக நடந்தன. சுங்கிங் வீழ்வதற்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆனால் அது வீழவில்லை. அக்டோபர் 18ஆம் தேதி சாலையும் மீண்டும் திறந்தது.

சாலை திறந்திராவிட்டால் பர்மா தப்பியிருக்குமா? 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது முதற்குண்டு விழுந்ததும், 1942 மார்ச் 8ஆம் தேதி அந்நகரம் வீழ்ந்ததும், ஏப்ரல் 29ஆம் தேதி லாஷியோ வீழ்ந்ததும் சீனத்தின் பின்வாசலை அடைக்கும் நோக்கத்தையும் கொண்டவை. சுமார் ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் ஹுக்காங் பள்ளத்தாக்கின் வழியாகவும் காடும் மலையும் கடந்து நடந்தனர். பசியாலும் காலராவாலும் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். சீனம் பணிந்திருந்தால் இந்தத் துயரம் நேர்ந்திராது என்று உறுதியாகக் கூற இயலாது. மலேயாவின் பக்கவாட்டைக் காக்கவும், அரிசிக்காகவும் எண்ணெய்க்காகவும் ஜப்பானுக்குப் பர்மா எப்படியும் தேவைப்பட்டது. சீனத்தின் சாலை அத்தேவையை அவசரமாக்கியது என்பதே பொருத்தமான முடிவு.

மூன்றாவது கட்டம் 1942ஆம் ஆண்டு. நம்மைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. மார்ச் 23ஆம் தேதி அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு வீசினர். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னை அரசின் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. நகரமே பாதி காலியாயிற்று. எந்த நேரத்திலும் ஜப்பானியர் கரையிறங்குவர் என்றே மக்கள் நம்பினர்.

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் இலங்கையைக் கைப்பற்றும் திட்டம் ஒன்றை உண்மையிலேயே முன்வைத்திருந்தனர். அதை மறுத்தது ஜப்பானியத் தரைப்படை. அதற்குத் தர டிவிஷன்கள் இல்லை என்றது. ஏன் இல்லை? போர் தொடங்கியபோது ஜப்பானிடம் இருந்த 51 டிவிஷன்களில் தெற்கு நோக்கி அனுப்பப்பட்டவை 11 மட்டுமே. மலேயா, பிலிப்பைன்ஸ், ஜாவா, பர்மா ஆகிய அனைத்தும் இந்தப் பதினொன்றால் வெல்லப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்டவை சீனத்தில் கட்டுண்டு கிடந்தன. மஞ்சூரியாவில் ரஷ்யரை நோக்கி நின்றவை வேறு.

இந்தக் கணக்கில்தான் நம் கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சீனம் பணிந்து, அங்கிருந்த டிவிஷன்களில் நான்கைந்து மட்டும் விடுபட்டிருந்தால், இலங்கைத் திட்டத்தை மறுப்பதற்கு டோக்கியோவில் வலுவான காரணம் இருந்திராது. யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஜப்பானியர் கையில் இருந்திருந்தால், பாக் நீரிணைக்கு இப்பால் உள்ள ராமநாதபுரமும் தஞ்சையும் எவ்வளவு தூரம்? மலேயாத் தமிழர் பட்ட பாட்டைத் தமிழ்நாட்டுத் தமிழரும் பட்டிருக்கக்கூடும். அமெரிக்காவின் கடற்படையும், ஜப்பானிடம் இருந்த கப்பல்களின் பற்றாக்குறையும் எப்படியும் ஒரு தடையாக இருந்திருக்கும்; எனினும் தரைப்படையின் பதில் வேறாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மலேயாத் தமிழர் பட்ட பாடு என்ன? பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாயிற்று. ஆகவே தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டினூடே 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-43இல் போட்டனர். மலேயத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர்களின் தொகையும் பல்லாயிரம். வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

அதே 1942இல் சுங்கிங்கையே நேராகத் தாக்கி முடித்துவிடும் திட்டம் ஒன்றையும் ஜப்பானியர் தீட்டினர். ஆகஸ்ட்டில் அமெரிக்கர் பசிபிக் தீவான குவாடல்கனாலில் இறங்கியதனால் படைகள் அங்கு தேவைப்பட்டன. டிசம்பரில் சுங்கிங் திட்டம் கைவிடப்பட்டது. சீனம் பிறரைக் காத்தது போலவே, பிறரால் சீனமும் காக்கப்பட்டது.

இந்தியாவும் அதில் தன் பங்கைச் செய்தது. 1938 செப்டம்பரில் காங்கிரஸ் மகாசபை ஐந்து மருத்துவர்களைச் சீனத்துக்கு அனுப்பியது. அவர்களுள் சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். அக்குழு சென்ற காலத்தில் காங்கிரஸின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். 1939 ஆகஸ்ட்டில் நேரு சுங்கிங் சென்றார். 1942 பிப்ரவரியில் சியாங் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். இந்தியருக்கு உண்மையான அரசியல் அதிகாரம் வழங்க வேண்டும் என்று பிரிட்டனுக்கு வெளிப்படையாக வேண்டுகோளும் விடுத்தார். பர்மாச் சாலை அறுந்தபின் அஸ்ஸாமின் விமானத்தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சரக்கு பறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆறரை லட்சம் டன் அவ்வாறு சென்றது. அறுநூறு விமானங்கள் வரை வழியில் அழிந்தன.

பர்மாவில் தோற்று இந்தியாவுக்குள் ஒதுங்கிய சீனப்படைக்கு அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராம்கரில் புதிய பயிற்சி தரப்பட்டது. ஈராண்டுக்கு முன் காங்கிரஸ் மாநாடு கூடிய அதே ஊர். 1943இன் இறுதியில் அப்படை ஹுக்காங் பள்ளத்தாக்கில் இறங்கியது. நம் அகதிகள் மடிந்த அதே பள்ளத்தாக்கு. அங்கே அவர்களை எதிர்த்து நின்றது எந்தப் படை? 18ஆவது டிவிஷன்! காண்டனைப் பிடித்து, கோத்தா பாருவில் ஹைதராபாத் வீரர்களைத் தள்ளி, சிங்கப்பூரில் வென்ற டிவிஷன், இந்திய மண்ணில் பயின்ற சீனரால் 1944இல் நைந்து போயிற்று.

அதே ஆண்டில் அதன் பழைய தளபதி முத்தாகுச்சி இம்பால் நோக்கி வந்தார். அவரோடு போஸின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது; மலேயத் தோட்டத் தமிழர்கள் திரளாக அதிற் சேர்ந்திருந்தனர். சீனத்துக்கு மருத்துவர்களை அனுப்பிய தலைவர், தம் நாட்டின் விடுதலைக்காகச் சீனத்தின் பகைவரோடு கூடி வர வேண்டியதாயிற்று. தமிழர்கள் இரு தரப்பிலும் நின்றனர். இருவருடைய துணிவையும் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. இம்பாலில் முத்தாகுச்சி தோற்றார். அவ்வேளையில் ஜப்பானின் ஐந்து லட்சம் வீரர்கள் நடுச் சீனத்தையும் தென் சீனத்தையும் ஊடறுக்கும் பெருந்தாக்குதலில் ஈடுபட்டிருந்தனர் என்பதை மறக்கலாகாது. அவர்களில் ஒரு பகுதி இம்பாலுக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் என்ன தெரிகிறது? சீனத்தின் எதிர்ப்பு போரைப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இழுத்து வந்த காரணங்களுள் ஒன்று. அதே எதிர்ப்பு அப்போர் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் வந்து சேராமல் தடுத்த காரணங்களுள் முதன்மையானது. கடல் கடந்து வாழ்ந்த தமிழர் இழந்ததும், தாயகத் தமிழர் தப்பியதும் ஒரே வினையின் இரு பயன்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது அரைக் கணக்கு.

அந்தக் கணக்கில் சீனக் குடியானவனின் பெயரும் உண்டு. 1938 ஜூனில் ஜப்பானியரைத் தடுப்பதற்காகச் சொந்த சர்க்காரே மஞ்சள் நதியின் கரையை உடைத்தபோது, வெள்ளத்திலும் பின்வந்த பஞ்சத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். எட்டாண்டுப் போரில் இறந்த சீனரின் தொகை கோடிக்கு மேல். அவர்கள் நமக்காகப் போரிடவில்லை. தம் ஊருக்காகவும் வயலுக்காகவும் போரிட்டனர். பலர் விரும்பியும் போரிடவில்லை, பிடித்துச் செல்லப்பட்டனர். பணிந்திருக்கலாமே என்று அவர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி, அவர்களின் எதிர்ப்பால் பயன் பெற்றவர்களுக்கு இல்லை.

பர்மாவிலிருந்து நடந்து வந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் சொல்லிச் சென்ற செய்திகள் மட்டும் வீடுகளில் எஞ்சியிருக்கின்றன: எந்த மாதம் புறப்பட்டார்கள், எந்த வழியில் வந்தார்கள், யாரை வழியில் விட்டுவந்தார்கள் என்பன. அவற்றை ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வைப்பது அந்தந்தக் குடும்பத்தின் கடமை. பெயரும் கல்லும் இல்லாது போனவர்களுக்கு நம்மால் இன்று செய்யக்கூடியது அவ்வளவே.